சிவப்புப் பாறைகளுக்குள் அவரைக் கூப்பிட்டது

என் கணவரைப் பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளை வைத்துத்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று குசினிக்குள் அடுப்படியில் நின்று மகளிடம் சொல்வேன். அவர் ஐந்தடி தள்ளி சோபாவில்தான் இருப்பார். நான் சொன்னது காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அவள் போய்த் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்பார். பிறகு வரமாட்டார். சோறு ஆறிப்போகும், எனக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வரிசை வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. என் கோபத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகவே அறிவார்.

கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்த புதிதில் "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டேன். மகன் பேசத் தொடங்கியதும் அவனைப் போல நானும் "அப்பா" என்று கூப்பிடப் பழகிவிட்டேன். பெயரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நேருக்கு நேர் சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் இவருடைய பெயர் என் நாக்கில் ஏறாது. கவுன்சில் படிவங்களிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடதாசிகளிலும் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். கை எழுதும், வாய் சொல்லாது. கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் மகளின் முழங்கையைத் தட்டுவேன். அவள் எனக்காக வெட்கப்பட்டபடி தகப்பனின் பெயரைச் சொல்லுவாள்.

யோசித்துப் பார்த்தால், பழகிய யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டும் நான் கேட்டதில்லை. அவருடைய வீட்டில் எல்லோருக்கும் அவர் ஒரு வீட்டுப் பெயர்தான். தங்கைக்குச் சின்னண்ணை. ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்தில், பழைய முதலாளி வாயில் நுழையவில்லை என்று வைத்த இரண்டு எழுத்து ஆங்கிலப் பெயர் இன்னமும் சட்டையில் குத்தியிருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் பல தரம் சொன்னேன். இருக்கட்டும் என்றார். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் எனக்குத் தீராத எரிச்சல். டொக்டரிடம் போனால், தாதி கதவைத் திறந்து அவருடைய பெயரைக் கூப்பிடுவாள். மனிதர் அசையமாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் தொடையில் கிள்ளி எழுப்புவேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காது கேட்காதா, எல்லாரும் பார்க்கிறார்களே என்று பேசிக்கொண்டே வருவேன். பிறகு பெயரைத் திரையில் எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். அந்தச் சண்டை அத்தோடு நின்றது.

எதற்கும் ஆசைப்படாத மனிதருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. பெற்றோல் நிலையத்தில் சேர்ந்த முதல் வருஷம், கல்லாவுக்குப் பின்னால் ஒரு டயர்க் கம்பெனியின் கலண்டர் தொங்கியதாம். அதில் ஒரு மாதத்துக்குச் சிவப்புப் பாறைகளின் படம். மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. வருஷம் முடிந்ததும் அந்தப் படத்தை வெட்டி எடுத்து வந்து அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டார். வீடு மாறியபோது அதையும் உரித்து எடுத்து வந்தார். அப்படி என்ன இருக்கிறது அதில் என்று ஒருமுறை கேட்டேன். "ஒருத்தரும் இல்லை" என்றார். இது ஒரு மறுமொழியா என்று நான் உடுப்பை மடித்துக்கொண்டே போய்விட்டேன்.

கலியாணம் கட்டி இருபதாவது வருஷம் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து எங்களைத் தள்ளாத குறையாக அனுப்பினார்கள். மகனுக்குப் பதினேழு, மகளுக்குப் பதினான்கு. அமெரிக்காவில் அந்தப் பாறைகள் எங்கே இருக்கின்றன என்று மகன்தான் தேடிப் பிடித்து, விமானம், வாடகைக் கார், மோட்டல் எல்லாம் ஒழுங்கு செய்தான். ஒக்டோபரில் பள்ளிக்கூட விடுமுறை எனக்கும் விடுமுறைதான். பிள்ளைகள் செவன் கிங்ஸில் அவருடைய தங்கை வீட்டில் நிற்பதாக ஏற்பாடு. "பிள்ளையளை விட்டிட்டு நீங்கள் ரெண்டு பேரும் தனியவோ?" என்று மச்சாள் கேட்ட விதத்தில், நாங்கள் ஏதோ ஓடிப்போய்க் கலியாணம் கட்டப் போவது போல எனக்கு முகம் சிவந்துவிட்டது.

லண்டனில் இலை கொட்டி ரோட்டெல்லாம் சொதசொதவென்று கிடந்த ஒரு காலையில் புறப்பட்டோம். விமானத்தில் படம் பார்த்தோம், நித்திரை கொண்டோம், ஒரு குறையும் இல்லை. வாடகைக் காரில் ஏறி, பின்சீற் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இனி ஆறு நாளைக்கு, சொன்னதைத் திருப்பிச் சொல்ல ஆளில்லை.

அவர் காரை ஓட்டினார். ரோடு நேராகப் போனது. எனக்கு யன்னலைக் கொஞ்சம் சாத்த வேண்டும் போலிருந்தது. "அப்பா" என்று வாயெடுத்தேன். பிள்ளைகள் இல்லாத காருக்குள் அந்தச் சொல் ஏதோ பிழையாகப்பட்டது. பேசாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். அவரும் இரண்டு தரம் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்கப் போய், தொண்டையைச் செருமிவிட்டு விட்டுவிட்டார். முதல் இரண்டு நாளும் இப்படியே போயின. இரவில் பிள்ளைகளுடன் போனில் பேசும்போது மட்டும் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது.

ஆனால் பாறைகளைக் கண்டதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். வானம் முட்டச் செங்கல் நிறத்தில் மலைகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு சிவந்த அமைதி. சின்னப் பிள்ளை மாதிரி முன்னுக்கு ஓடிப்போய் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்ப்பார். எனக்கோ முழங்கால் நோ. சிரித்தபடி ஒரு மனிதர் எனக்காகக் காத்து நிற்கிறாரே என்று ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் ஒரு நடைபாதையில் போனோம். பாதை என்று சொன்னாலும் பாறைமேல் பாதை ஏது? வழி தெரிவதற்காகக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போகவேண்டும். மத்தியானம் நான் பாண் ரொட்டிக்குள் வைக்க மீன் தகர ரின்னை உடைத்தபோது, பிறகு சாப்பிடுகிறேன் என்றார். அவருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை நோய். காலையில் குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். சொன்னேன், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் என் முழங்கால் இனி மாட்டேன் என்றது. ஒரு கல்லில் குந்திவிட்டேன். அவருடைய போனில் சார்ஜ் இறங்கியிருந்தது. அதையும் பணப்பையையும் என் தோள்பைக்குள் போட்டார். அந்த வளைவுக்கு அங்கால் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறாராம்.

"பத்து நிமிசத்தில வாறன்."

"உங்கட வாறன் எனக்குத் தெரியும்" என்றேன். நான் அவருக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுவாகிவிடுமோ என்றுதான் அதன் பிறகு இரண்டரை மணித்தியாலம் தவித்தேன்.

அரை மணி போனது. முதலில் கோபம்தான் வந்தது. பாணைச் சுற்றி வைத்தேன். முக்கால் மணியில் எழும்பி நின்று "அப்பா" என்று கூப்பிட்டேன். பாறை என் குரலையே திருப்பித் தந்தது. வளைவு வரைக்கும் நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்தேன். அங்கே நாலு பக்கமும் ஒரே மாதிரிச் சிவப்புப் பாறைகள், அவற்றுக்கிடையில் வெடிப்புகள். கல்லடுக்கு ஒன்றையும் காணவில்லை. என் பையைத் திறந்தேன். தண்ணீர்ப் போத்தல், டொபி, போன்கள், சாப்பாடு எல்லாம் என்னிடம் இருந்தன. அந்த மனிதர் வெறுங்கையோடு போயிருக்கிறார். இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. தேடிப் போனால் நானும் வழி தவறுவேன், போகாமலிருக்கவும் மனம் கேட்கவில்லை. "அப்பா, அப்பா" என்று தொண்டை கம்மும்வரை கத்தினேன். அந்த வெளியில் அது தகப்பனைத் தொலைத்த பிள்ளை ஒன்று கத்துவது போல எனக்கே கேட்டது.

அப்போது ஊன்றுகோல்களோடு ஒரு வயதான அமெரிக்கச் சோடி வந்தது. என்னைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார்கள். கிழவி என் தோளில் கை வைத்தாள். கிழவர், தனக்கு நல்ல குரல் இருக்கிறது, தானும் கூப்பிடுகிறேன், உன் கணவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஒரு உயிர் போகிற நேரத்தில் ஒரு பொம்பிளை தன் புருஷனின் பெயரைச் சொல்லமுடியாமல் நின்றாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மகளின் முழங்கையைத் தேடி என் கை பக்கத்துக் காற்றைத் தட்டியது. பிறகு அவருடைய பணப்பையிலிருந்து வாகனம் ஓட்டும் அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். கிழவர் கண்ணாடியைப் போட்டு, தகப்பன் பெயரும் அவர் பெயருமாக, எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து முழுப் பெயரையும் சொல்லிக் கத்தினார். பின்னால் வந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று ஆண் குரல்கள் என் கணவரின் பெயரைக் கண்டபடி உடைத்து, மாறி மாறி அந்தப் பாறைகளுக்குள் எறிந்தன. மறுமொழி இல்லை. கிழவி சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, உதவிக்கு ஆள் கூப்பிட இறங்கிப் போனாள்.

வெயில் சரிந்தது. அந்தப் பக்கத்தில் ஒக்டோபரில் சூரியன் இறங்கினால் சட்டென்று குளிரும் என்று மகன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். அவர் போட்டிருந்தது மெல்லிய சேர்ட். பாறைகளின் நிழல் நீண்டு என் காலடிக்கு வந்தது.

அப்போதுதான் சொன்னேன். எழும்பி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முழுப் பெயரையும், அந்தக் கிழவர் சொன்ன ஒழுங்கிலேயே. இருபது வருஷத்தில் முதல் தரம். இனி வருவார் என்று நினைத்தேன். ஒரு பெரிய காணிக்கையைக் கொடுத்துவிட்டேன், கடவுள் இனித் தந்தே ஆகவேண்டும் என்பது போல ஒரு எண்ணம். திரும்பவும் கூப்பிட்டேன். பாறை கூப்பிட்டது. அவர் பேசவில்லை.

நான் விழுந்துபோனேன். இளைஞர்கள் தேடிக்கொண்டு மேற்பக்கமாகப் போய்விட்டார்கள், கிழவரும் களைத்துப்போய்க் கத்துவதை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் நிலத்தில் இருந்தபடி அழுதேன். யாரையும் கூப்பிடவில்லை. புதுப் பொம்பிளையாக லண்டனுக்கு வந்து, வெளியே போகவும் பயந்து, பின்னேரங்களில் அவர் தோளில் சாய்ந்து புலம்பிய அதே குரலில், எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ... என்னால ஏலாது."

"வாறன்" என்று ஒரு குரல் கேட்டது.

நாற்பது அடி தூரம்கூட இருக்காது. எனக்குக் கீழே, ஒரு பாறை வெடிப்புக்குள். நான் விழுந்தும் தவழ்ந்தும் போய்ப் பார்த்தேன். வெடிப்பின் கடைசியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி இருந்தார். ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றியது, கை உதறியது. டொபியை உரித்து வாயில் வைத்தேன். பின்னால் வந்த கிழவர் சந்தோஷத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு கையை நீட்டினார். என் கணவர் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டார். நான் கிழவரைப் பார்த்து, தயவுசெய்து பெயரைச் சொல்லவேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது.

மீட்புக்காரர் வந்து இறக்கிப் போனார்கள். சிற்றூர் ஆஸ்பத்திரியில் காலைக் கட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலை மோட்டலில் அவர் காலைத் தலையணையில் வைத்து நான் ஐஸ் சுற்றிய துவாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இல்லை. பேசினால் நாங்கள்தான் பேசவேண்டும். நாங்கள் அவ்வளவு கத்தினோமே, கேட்கவில்லையா என்று கேட்டேன்.

கேட்டதாம். நான் "அப்பா" என்று கூப்பிட்டபோது திரும்பி வந்துகொண்டுதான் இருந்தாராம். அந்த வெடிப்புக்குக் கிட்டத்தான் கால் பிசகி விழுந்து, தலை சுற்றி, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண் திறந்தபோது ஆம்பிளைகள் தகப்பன் பெயரோடு சேர்த்துத் தன் பெயரைக் கூப்பிடுவது கேட்டதாம். எந்த நாடு, எந்த வருஷம் என்று பிடிபடவில்லை. ஊர்ந்து உள்ளே போய்விட்டார்.

ஊரில் சண்டை நடந்த காலம், இவருக்குப் பதினேழு வயது. ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்களாம். பக்கத்தில் இருந்த சிநேகிதனின் பெயர் வந்தது. அவன் எழும்பிப் போனான். திரும்பி வரவில்லை. அடுத்தது இவருடைய பெயர். முகம் தெரியாது, பெயர் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. இவர் எழும்பவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம், வேலியோரம் நின்ற அவருடைய தாயைக் கொண்டு ஒலிபெருக்கியில் கூப்பிடுவித்தார்கள்.

"அம்மா ஒருநாளும் என்னை அந்தப் பேரால கூப்பிட்டதில்லை. அண்டைக்கு முழுப்பேரையும் சொல்லிக் கூப்பிட்டவ. வீட்டுப் பேரைச் சொல்லேல்லை. அப்பவே எனக்கு விளங்கீட்டுது, எழும்பக் கூடாதெண்டு."

தலையணையில் கிடந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"நேற்று நீரும் அப்பிடித்தான் கூப்பிட்டீர். உம்மையும் பிடிச்சிட்டாங்கள் எண்டு நினைச்சன்."

ஐஸ் உருகிக் கட்டிலெல்லாம் நனைந்தது. அணைக்கவா, மன்னிப்புக் கேட்கவா, யாரிடம் போய்ச் சண்டை பிடிக்க? மரியாதை என்று நான் நாக்கில் கட்டிவைத்திருந்த பெயர், அவருக்கு யாரும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று ஒளித்து வைத்த பெயர். இருபது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் எனக்கு இது தெரியாது. அவரைக் காப்பாற்ற என்னிடம் இருந்த பெரிய ஆயுதம் என்று நினைத்து நான் எடுத்தது, அவரை இன்னும் ஆழத்துக்குத் துரத்தியிருக்கிறது. டொக்டரிடம் போனபோது கிள்ளிய கிள்ளெல்லாம் ஞாபகம் வந்தது. நனைந்த துவாயைப் பிழிவதற்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மீதி நாட்களை மோட்டல் யன்னலோரம் கழித்தோம். தூரத்தில் அந்தப் பாறைகள் தெரிந்தன. இரண்டு கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் கால் தடக்கிய கதையை மட்டும் சொன்னோம். மச்சாளிடமும் அதையேதான். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். படம் அங்கேயேதான் இருந்தது. யாருமே இல்லாத அந்த இடத்தை ஏன் விரும்பினார் என்று இப்போது தெரிந்தது. தெரிந்து மட்டும் என்ன செய்ய?

இரண்டு கிழமை கழித்து, காலைக் காட்ட இங்கே டொக்டரிடம் போனோம். பெயர் காட்டும் திரை வேலை செய்யவில்லை என்று கடதாசி ஒட்டியிருந்தது. எழும்பி வேறு இடத்துக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். தாதி கதவைத் திறந்து, அட்டையைப் பார்த்து, முழுப் பெயரையும் கூப்பிட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் கிள்ளப்போன என் கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாம் தரம் அவள் வாயெடுப்பதற்கு முதல், அவருடைய காதுக்குக் கிட்டப் போனேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன்.

"வாறன்" என்று எழும்பினார்.